பன்றிக்குப் பின்னால்

எட்மன்டனிலிருந்து இராசகாந்தன் எடுத்தான்.
"முந்நூற்றெட்டு வாங்கு மச்சாள்,
நூற்றைம்பது கிரெயின் குண்டு,
சூடு பார்க்கிற கண்ணாடி.
இருநூறு யாரில் நிண்ட இடத்திலேயே விழும்."
அவனுக்கு வயல் முடிகிற இடத்தில்
வானம் தொடங்குகிறது.
எழுதுமட்டுவாளில்
என் மரவள்ளி முடிகிற இடத்தில்
சவிரியானின் கோழிக்கூடு.

முந்நூற்றெட்டு, அது அங்குலக் கணக்கு.
எங்கள் கணக்கில் ஏழு புள்ளி அறுபத்திரண்டு.
போன கிழமை பன்றி கிண்டிய பாத்தியில்
கறல் பிடித்த கோது நான்கு
மண்ணோடு மண்ணாய்க் கிடந்தன.
காணி துப்புரவு என்று கடிதம் தந்து
ஆறு வருஷம்.
இந்த மூக்குக்காரர் இன்னும் மிச்சம் தேடுகிறார்கள்.

கச்சேரியில் படிவம், மூன்று பிரதி.
அழிவின் பெறுமதி:
இராசவள்ளி நாற்பது கொடி,
மரவள்ளி அரை ஏக்கர்,
கச்சான், அதைக் கேட்காதீர்கள்.
சுடுகலன் கையாண்ட முன் அனுபவம்?
அந்த வரி வந்ததும்
நிரூபா யன்னலுக்கு வெளியே
வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தாள்.
என்னிலும் பதினைந்து வயது இளையவள்.
இல்லை, என்று எழுதினேன்.
நல்ல உறுப்பாய் எழுதினேன்.

பன்னிரண்டு போர், ஒற்றைக் குழல்.
இரட்டைக் குழல் பாரம், விலையும் கூட.
முதல் வெடியில் முடியாத காரியம்
இரண்டாவதில் முடிந்து நான் கண்டதில்லை.
மரியநேசன் தோட்டாப் பெட்டிகளைச்
சீட்டுப்போல மேசையில் பரப்பினார்.
நாலாம் நம்பர் முயலுக்கு.
பன்றிக்கு அது தோல் சொறிவு;
பற்றைக்குள் போய் மூன்று நாளாய்ச் சாகும்.
எஸ்.ஜி. ஒன்பது சன்னம்,
தூரம் கூடினால் ஒன்பதும் ஒன்பது பக்கம்.
ஒற்றைக் குண்டு நேரே போகும்,
தவறினாலும் நேரே போகும்,
வேலி, ஒழுங்கை, யாருடையதோ சுவர்.
எல்.ஜி. என்றேன்.
ஆறு சன்னம், முப்பது யாருக்குள்,
முன்னங்கால் மடிப்புக்குச் சற்றுப் பின்னால்.
"எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கிறியள்" என்றார்.
நான் தோட்டாக்களை எண்ணினேன்.
பத்து. கையொப்பம். பற்றுச்சீட்டு.

அமாவாசைக்கு முதல்நாள்
ஒன்றரை மணிக்கு வந்தது.
தனியன். பிடரி மயிர் நட்டுக்கொண்டு
உரச்சாக்கு அடுக்கினாற்போல ஒரு தோள்.
இருபத்தைந்து யார்.
துவக்கின் பிடி
தோள்மூட்டில் தன் பழைய பள்ளத்தைத் தானே கண்டுபிடித்தது.
மூச்சு பாதியில் நின்றது, கேட்காமலே.
படிவத்தில் இதற்கு இடமிருந்தது.

பன்றிக்குப் பின்னால்
சவிரியான் வீட்டுக் குசினி வெளிச்சம்.
மகள் சோதனைக்குப் படிக்கிறாள்.
நிழல் எழும்பிப் போய்
பானையில் தண்ணீர் மொண்டு குடித்து
திரும்பி வந்து இருந்தது.

இரண்டடி தள்ளு, என்றேன் வாய்க்குள்.
தள்ளவில்லை.
என் இராசவள்ளியைக் கிழங்கோடு பெயர்த்து
ஊதாச் சாறு கடைவாயில் வழிய
அவசரமேயில்லாமல் சப்பியது.
குழலை முறித்துத் தோட்டாவை எடுத்தேன்.
அந்தச் சின்னச் சத்தத்துக்குத்
தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு
அடுத்த கொடிக்குப் போனது.

விடிய இராசகாந்தனின் செய்தி:
என்ன வாங்கினாய்? விழுந்ததோ?
இடம் மாத்த வேணும், என்று அனுப்பினேன்.
சவிரியானின் கோழிக்கூட்டுப் பக்கம் பரண் போட்டால்
பன்றிக்குப் பின்னால்
உப்பு வெளியும் கடல்நீரேரியும் மட்டும்தான்.
அவனுடைய கோழிகளுக்கு மேலே
துவக்கோடு இரவிருக்க
அவனிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.
அதற்குப் படிவம் கிடையாது.