ஒரு சுற்று பாக்கி

மண்ணெண்ணெய் கடையில் கிடைத்தது.
விளக்கெண்ணெய்க்கு டிஸ்பென்சரியில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான் பிலவேந்திரன்,
மூன்று வாரத்தில் மூன்று முறை.
ஈதர் எப்படி வந்தது என்பது
டிரெஸ்சர் சாகும்வரை அறியாதது.

பால்டின்னை வெட்டி எண்ணெய்த்தொட்டி.
பால்சா பலகைக்கு என் உண்டியல்.
ரப்பர் கட்டையில் செதுக்கிய கைப்பிடியிலிருந்து
இரண்டு எஃகுக் கம்பி, ஐம்பத்திரண்டு அடி.
அதன் மறுமுனையில்
குளவிக்கூட்டை விழுங்கியதுபோல் ஒரு விமானம்.

அண்ணன் நடுவில் நின்று சுழல்வான்.
பிலவேந்திரன் விளிம்பில் குந்தியிருப்பான்,
இறங்கியதைப் பிடிக்க, எண்ணெய் ஊற்ற,
விசிறியைச் சுண்டிவிட.
அவன் ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு புதுக்காயம்.
எனக்கு எண்ணுகிற வேலை.
பொம்பளப் பிள்ளைக்கு அது போதும் என்றார்கள்.

பாவாடையின் இடப்பையில் நூறு ரப்பர் கொட்டை.
சுற்றுக்கு ஒன்று வலப்பைக்குப் போகும்.
இடப்பை காலியானதும் கையைத் தூக்கணும்.
அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, பாகாவ் திடல்.
சிமெண்டில் தேய்த்த கொட்டைபோல் சுட்டது வெயில்.
டவுனிலிருந்து லியோங் வந்திருந்தான்,
சைக்கிள் கடைக்காரர் மகன்.
சிவப்பு விமானம், சிங்கப்பூர் போய் வாங்கிய எஞ்சின்.
ஒரே வட்டத்துக்குள் இரண்டு பேர், தோளோடு தோள்.
முந்துகிறவன் மற்றவன் தலைக்குமேல் கையைத் தூக்கிக்
கம்பியைத் தாண்டவைக்க வேண்டும்.
தூரத்திலிருந்து பார்த்தால்
ஆசீர்வாதம் செய்வதுபோல் இருக்கும்.
கிட்டப் போனால் கெட்ட வார்த்தை.

எழுபதில் லியோங் இறங்கி ஏறினான்.
எழுபத்துநான்கில் நாங்கள்.
பிலவேந்திரன் ஒரே சுண்டில் கிளப்பினான்,
இறக்கையில் ரத்தப் பொட்டு.

தொண்ணூற்றெட்டு.
லியோங் அரைச் சுற்று முன்னால்.
அவன் தம்பி பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்,
சாக்கட்டியை நாக்கில் தொட்டுத் தொட்டு.
என் பையில் இரண்டு கொட்டை.
விரல் இரண்டையும் சேர்த்தே எடுத்தது.
விரல்தான்.
அந்தச் சுற்று முடிந்ததும் கையைத் தூக்கினேன்.

எஞ்சின் நின்றது. அண்ணன் நிற்கவில்லை.
கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்போல்
நாலடி சாய்ந்து நடந்து
புல்லில் விழுந்து சிரித்தான்.
பரிசு ஒரு தெர்மாஸ். பச்சை நிறம்.

லியோங் அவனுக்குக் கை கொடுத்தான்.
பிறகு என் பக்கம் வந்து
‘நல்லா எண்ணுது நீ’ என்றான்.
கேலியா, நிஜமா,
அவன் தமிழை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷம்
சிரம்பானில் வங்கிக் கணக்கு பார்த்தேன்.
ஒரு காசு பிசகியதில்லை.
அண்ணன் பேரப்பிள்ளைகளிடம்
நூறு சுற்று, நூறு சுற்று என்கிறான்,
கையை வேறு சுழற்றிக் காட்டுகிறான்.
நான் தேத்தண்ணி கலக்கப் போய்விடுகிறேன்.

தூக்கம் வராத ராத்திரிகளில்
மறுபடி எண்ணிப் பார்க்கிறேன்,
விளக்கெண்ணெய்ப் புகை மூக்கில் ஏற ஏற.
தொண்ணூற்றொன்பது வரை
சரியாகத்தான் வருகிறது.