வினையடை

ஸ்காபரோ. பெப்ரவரி.
நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில் ஹீட்டர் கனைக்கிறது.
நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்கில் சம்பளம்,
பார்க்கிங் காசு என் செலவு.

முறைப்பாட்டில் வழக்கு என்பது ஒரே ஒரு சொல்:
தவபாலன், பனி வாரும் சவளோடு,
திருமதி டௌலிங்கின் வேலியோரம் நின்றார்,
மெனசிங்லி.

நின்றதில் சண்டையில்லை.
சவள் இருந்ததிலும் இல்லை.
அந்த வாலில்தான் எல்லாம்.

தமிழில் தேடினேன்.
'மிரட்டி' என்றால் வாய் திறந்திருக்க வேண்டும்.
'உறுக்கி' என்றால் குரல் உயர்ந்திருக்க வேண்டும்.
'முறைத்து' கண்ணுக்கு மட்டும்;
அவரோ அன்று பனிவெளிச்சத்துக்குக்
கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.
இந்தச் சொல் எதுவும் செய்யாதவன் தோளிலும் ஏறிக் குந்தும்.
மேகம் நிற்பதற்குச் சொல்வார்கள்,
நாய் நிற்பதற்கும்.
பயந்தவரின் உடம்பில் நடந்ததை
நின்றவரின் உடம்பில் எழுதிவைக்கும் சொல்.

"வெருட்டுமாப்போல நிண்டீங்களாம்" என்றேன்.
என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளை.
"நான் சும்மாதானே நிண்டனான்."

சும்மா.
அதற்கு ஆங்கிலத்தில் எனக்கு மூன்று விநாடி.
வேலையின்றியா? ஓய்வாகவா?
வெறுங்கையோடு என்றால் சவள் சிரிக்கும்.
இடுப்பு பிடித்துக்கொண்டதா,
பனி இன்னும் கொட்டுமா என்று வானம் பார்த்தாரா,
சும்மா அதையெல்லாம் கேட்பதில்லை.
"காரணம் எதுவும் இல்லாமல் நின்றேன்"
என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

நீதவான் பேனாவை எடுத்தார்.
காரணம் எதுவும் இல்லாமல்,
சவளோடு, கறுப்புக் கண்ணாடியோடு,
இருபது நிமிடம்,
தனியே இருக்கும் ஒருத்தியின் வேலியோரம்.
என் வாயிலிருந்து வெளியே வந்தபோது
தவபாலன் கொஞ்சம் உயரமாகியிருந்தார்.

திருமதி டௌலிங் மேலங்கியின் பொத்தானைப் பூட்டினார்.
விரல் நடுங்கியது. அதுவும் பொய்யில்லை.

எழுந்தேன்.
"மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்" என்று சொல்ல
எனக்கு அனுமதி உண்டு. சொன்னேன்.
அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது,
அவரும்.
திருத்தத்துக்குப் பின் வர வேண்டிய சொல்
இன்னும் நாக்கில் ஏறவில்லை.
தண்ணீர்க் கிளாஸை இறுக்கிப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.

எப்படி என்று
அவர்கள்தான் எழுத வேண்டும்.