படிவத்தின் இரண்டாம் பக்கம்

சலாலா. மூன்றாம் மாடி, குழந்தைகள் பிரிவு.
"நீங்களும் எங்கள் குழுவில் ஒருவர்தான்"
என்று நர்ஸ் மேரிசெல் பேனாவைத் தந்தாள்.

பெயர் மர்லியா. வயது ஒன்பது.
அதுவரை சரியாக வந்தது.

எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும்?
ஊசி என்றால் யார் கையைப் பிடிப்பாள்?

எட்டு வருடம் இவளை
உள்ளங்கை அகலக் கண்ணாடியில்தான் பார்த்தேன்.
சிக்னல் போனால் முகம் சதுரம் சதுரமாகும்.
விசா வந்து நாற்பது நாள்;
காய்ச்சல் வந்து பன்னிரண்டு.

பேனா நின்றது.
ட்ரிப்ஸ் ஏறும் கையை அசைக்காமல் அவள்,
"இடது பக்கம்னு எழுதுங்க வாப்பா.
ரெண்டாவதுக்கு உம்மான்னு போட்டு
ஒரு கமா விட்டு வைங்க."

ஜன்னலில் கரீஃப் தூறல்.
துறைமுகத்துக்குப் போன் போட்டு
இன்றிரவு க்ரேனை வேறு ஆளிடம் கொடுத்தேன்.
சோபாவை இழுத்துப் போட்டேன்,
இடது பக்கமாக.