சுமார்

ஆவணி இரண்டாம் ஞாயிறு.
ஆறு பத்துக்கு வத்தம் என்று சொல்லியிருந்தார் படகுக்கார இன்னாசி.
கச்சான் ராத்திரியே ஓய்ந்துவிட்டது.
இங்கே கடல் அதிகம் இறங்காது,
ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை.
அந்த ஒரு முழத்துக்கே
காரங்காட்டுக் கழிமுகத்தில் அரை மைல் சேறு
வெளியே வந்து, வாய் கொப்பளிக்காமல், படுத்திருக்கிறது.

தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றுகிறேன்.
மூன்று காலும் மூன்று ஆழத்தில் இறங்குகின்றன.
அடிவானம் சாய்ந்து தெரிகிறது.
இருக்கட்டும்.

உப்புக்கொத்தி நாற்பத்தொன்று.
பட்டைவால் மூக்கன் ஆறு.
கொசு உள்ளான்கள் ஓடுவதை நிறுத்தினால் எண்ணலாம்.
வளைமூக்கு உள்ளான்கள் இந்த வாரம்தான் இறங்கியிருக்கும்;
மார்பில் செங்கல் நிறம் பாதி உதிர்ந்து பாதி மிச்சம்,
கல்யாணச் சட்டையோடு முதல் பஸ் பிடித்து
வேலைக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி.
பனி உருகிய ஏதோ வடக்குச் சதுப்பில்
குஞ்சுகளை விட்டுவிட்டு முன்னால் வந்தவை.
குஞ்சுகள் பின்னால், தாமாக, வழி கேட்காமல் வருமாம்.
புத்தகத்தில் போட்டிருக்கிறது.

மற்ற நாட்களில் நான் எண்ணுவது வேறு.
அரிசி, பருப்பு, பாமாயில், சீனி.
திருவாடானைக்குப் போகும் கணக்கில்
கிராம் பிசகக் கூடாது.
விரலை வை என்று சொல்லும் ஒரு கருவி.
பச்சை எரிந்தால் அரிசி.

சந்தனமேரிக்கு எரிவதில்லை.
நண்டு வலை, உப்பு, நைலான் கயிறு
மூன்றும் சேர்ந்து பத்து விரலிலும் வரியைத் தின்றுவிட்டன.
வலது கட்டைவிரல். இடது கட்டைவிரல்.
சேலையில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து
எண்ணெய் ஏற்றிக்கொண்டு மறுபடியும்.
போன செவ்வாய்க்கிழமை ஏழு முறை.
ஏழாவது முறை என்னைப் பார்க்கவில்லை,
கருவியைப் பார்த்துச் சொன்னாள்:
“நான்தேன் இது.”

அதோ வருகிறாள், இடுப்பளவுத் தண்ணீரில்
வலையைத் தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்து.
பறவைகள் அவளுக்கு ஒதுங்கி நிற்கின்றன, பறக்கவில்லை.
எனக்கென்றால் அறுபதடியிலேயே எழும்பும்.

என் காலருகே சேறு முழுக்கத் தடம்.
முள் முள்ளாக, விரலுக்கு விரல்,
ஒன்றன் மேல் ஒன்று விழுந்தும் கலையாமல்.
எதையும் திரும்ப வைக்கச் சொல்லவில்லை சேறு.

அப்போதுதான் பார்த்தேன்:
ஓர் உப்புக்கொத்தியின் காலில் கொடி.
நகத்தளவு மஞ்சள் பிளாஸ்டிக், இரண்டு எழுத்து.
முதல் எழுத்து கே.
இரண்டாவது சேறு பூசியிருந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், கழுவிக்கொள்ளட்டும் என்று.

“என்ன சார் பாக்குறீக?”
கூடையில் நண்டுகள் கீறும் சத்தம் என் தோளுக்குப் பின்னால்.
“கால்ல அடையாளம் போட்டு விட்டிருக்காங்க.
எந்த நாட்டுக்குப் போனாலும் எதுன்னு தெரிஞ்சுடும்.”
குனிந்து ஒரு கண்ணை வைத்தாள், பிறகு மறு கண்ணை.
நெடுநேரம் பார்த்தாள்.
“கார்டு உள்ள குருவின்னு சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

இன்னாசியின் மோட்டார் இரண்டு முறை இருமிப் பற்றிக்கொண்டது.
சேற்றின் மேல்தோல் மொத்தமும் கிளம்பினாற்போல் எழுந்தன,
சாம்பல், திரும்பியதும் வெள்ளை, மறுபடி சாம்பல்.
கொடி அதற்குள் எங்கோ.
நோட்டில் எழுதினேன்: சுமார் எழுநூறு.
கடைக் கணக்கில் ‘சுமார்’ எழுதினால்
மறுநாளே விளக்கம் கேட்டு ஓலை வரும்.

அலையாத்தி வேர்களின் முனை ஒவ்வொன்றாக மறையத் தொடங்கியது.
“நாளைக்கு ஏறுமா சார்?” என்றாள்.
தண்ணீரைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு
“இப்பவே ஏறுதே” என்றேன்.
என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

முக்காலியின் மூன்றாவது கால் வர மறுத்தது.
நான் இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது.
கூடையைத் தரையில் வைத்துவிட்டு
அவள்தான் பிடுங்கிக் கொடுத்தாள்,
கட்டைவிரலை அழுத்தி, ஒரே முறை.