பருப்பு நானூறு தரம் வெந்தது

ஸ்கிரிப்டில் மொத்தம் அறுபத்துமூன்று வரி.
வட்டை நகலெடு. புதுக் கேர்னலை ஏற்று.
தொண்ணூறு விநாடி காத்திரு.
எழும்பினால் சோதனைகளை அவிழ்த்துவிடு.
எழும்பாவிட்டால் கொல்.
குறித்துவை.
மறுபடி தொடங்கு.

எழுத இரண்டு கிழமை போயிற்று.
கொல்வதற்கு முன்
எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரியவில்லை.
முப்பது விநாடி வைத்தேன்:
மெதுவாய் எழும்புகிறவை எல்லாம்
செத்தவை என்று எழுதப்பட்டன.
பத்து நிமிடம் வைத்தேன்:
செத்ததுக்குப் பக்கத்தில்
விடியும்வரை குந்தியிருந்தது பெட்டி.
தொண்ணூறு சரியென்று சொல்லமாட்டேன்.
பழகிவிட்டது.

ஷிஃபானா எழுதிய வட்டு இயக்கியில்
எங்கோ ஒரு பூட்டு இரண்டு தரம் திறபடுகிறது.
நானூறில் ஒருமுறைதான், என்கிறாள்.
ராஜகிரிய அலுவலகத்தில் நம்பவில்லை.
கையால் இருபது தரம் போட்டுப் பார்த்தோமே,
நல்லாத்தானே ஓடுது, என்றார்களாம்.
ஆகவே என் மேசைக்குக் கீழே,
பிரெட்ரிக்கா வீதி, மூன்றாம் மாடி,
கடற்காற்றில் ஆணிகள் துருவேறிய பழைய பெட்டி.
அதற்குள்ளே இன்னொரு பெட்டி,
இல்லாத வட்டோடு, இல்லாத திரையோடு.
ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும்.
உள்ளே இருக்கிறதுக்கு
அது ஒன்றும் தெரியாது.

செவ்வாய் காலை நூறாம் நம்பர் பஸ்.
ஷிஃபானா அழைத்தாள்.
இரைச்சலுக்கு மேலால் கத்தினேன்:
"கேர்னல் ராத்திரி நானூறு தரம்!
கொன்று கொன்று எழுப்பினேன்,
ஒருக்காலும் விழயில்லை!"

பக்கத்து இருக்கையில் என் வயதுக்காரி,
கழுத்தில் வங்கி அட்டை.
ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:
"அந்தப் பதவியெல்லாம்
பஸ்ஸில கதைக்காதேங்கோ."
இது கொம்பியூட்டர், என்றேன்.
"எனக்கு விளங்குது," என்றாள்.
"மற்ற ஆக்களுக்கு?"

கொண்டக்டர் மிச்சக் காசு தந்தார்.
பம்பலப்பிட்டியில் அவள் இறங்கினாள்.
பஸ் முழுக்க யாரும் எங்களைப் பார்க்கவேயில்லை.
ஆனாலும் மிச்சத் தூரம்
போனைக் கையால் பொத்திக்கொண்டுதான் கதைத்தேன்.

அன்றிலிருந்து பருப்பு என்கிறோம்.
பருப்பு வெந்ததா?
வெந்தது, அடிப்பிடிக்கயில்லை.
ஷிஃபானாவின் உம்மா
நான் சமையலில் கெட்டிக்காரன் என்று
நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

வெள்ளி காலை பார்த்தேன்,
நானூற்றுப் பன்னிரண்டாவது தொடக்கம்,
மூன்று மணி பதினேழு நிமிடம்,
பதிவு பாதி வரியில் நின்றிருந்தது.
ஒரு சொல்லின் நடுவில்.
பிடித்துவிட்டேன்! உடனே செய்தி அனுப்பினேன்.
பல் தீட்டாமல் தேத்தண்ணீர் போடப் போனேன்.

மைக்ரோவேவின் மணிக்கூட்டில்
பூச்சியம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம்,
மினுங்கிக்கொண்டிருந்தது.

ராத்திரி கரண்ட் போயிருக்கிறது.
ஒழுங்கை முழுக்கப் போயிருக்கிறது.
நான் மட்டும் தூங்கியிருக்கிறேன்.
உள்ளே இருந்தது விழுந்ததா,
அதை வைத்திருந்தது விழுந்ததா?
பாதி வரி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அனுப்பிய செய்தியை அழித்தேன்.
அவள் ஏற்கனவே பார்த்துவிட்டாள்.

அறுபத்துநான்காவது வரி சேர்த்தேன்:
வெளிப்பெட்டி எப்போது எழும்பியது என்று கேள்.
சோதனை தொடங்கிய பிறகு என்றால்
தோல்வி என்று எழுதாதே.
தெரியாது என்று எழுது.

ஞாயிறு பின்னேரம், முந்நூற்று எண்பத்தெட்டில்,
கரண்ட் இருக்க, மின்விசிறி சுற்ற,
மைக்ரோவேவ் சரியான நேரம் காட்ட,
அது முறையாக விழுந்தது.
பூட்டின் பெயர், வரி எண்,
யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற முழு வரிசை,
ஒன்றும் குறையாமல் சொல்லிவிட்டு விழுந்தது.
"அடிப்பிடிச்சிட்டுது" என்று அனுப்பினேன்.
"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

பழைய நானூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே
இன்னும் தெரியாது என்றே கிடக்கிறது.
திங்கள் அறிக்கையில் அந்த வரியை
எடுத்துவிடச் சொல்வார்கள்.

பாணந்துறை ரயில் போகிறது.
கண்ணாடி அதிர்கிறது.
முதலாவது தொடக்கம்.
தொண்ணூறு,
எண்பத்தொன்பது.