எடைமேடை

முப்பத்தோரு வருஷம்
எண்ணெய் ஆலையில் எடைமேடை பார்த்தவன் நான்.
செம்பனைக் குலைக்கடியில்
கல்லைப் போட்டு மூடிக்கொண்டு வரும் லோரியை
டயர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே
சொல்லிவிடுவேன்.

என்மேல் ஏற்றியிருந்தது தெரியவில்லை.

வலித்திருந்தால் சரி. வலிக்கவே இல்லை.
சோறு கசந்தது. அந்திக்கு ஒரு நடுக்கம்.
ஒருநாள் மருமகனை
செத்துப்போன தண்டல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம்.
வயசு, என்றார்கள்.
காத்து, என்று பெருங்காயம் கரைத்தார்கள்.
சுங்கை சிப்புட் நம்பர் கடை ஆ மோய்தான்
சீட்டை நீட்டிய கையை நிறுத்தி
"மாத்தா கூனிங்லா, அங்கிள்" என்றாள்.
அவள் கடைக் கண்ணாடியில் பார்த்தேன்.
மஞ்சள்தான்.

ஈப்போ பெரியாஸ்பத்திரி.
வயிற்றில் சில்லென்று பசை தடவித்
திரையில் காட்டினார்கள்:
பித்தப்பைக்குள் வெள்ளையாய் ஏழெட்டு,
ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கறுப்பு நிழல்.
ஒன்று மட்டும் நழுவிப் போய்க்
குழாயை அடைத்து நின்றது,
கேட்டில் மாட்டிக்கொண்ட லோரி மாதிரி.
வாய்வழியே குழாய் விட்டு
அதை முதலில் எடுத்தார்கள்.
காய்ச்சல் இறங்கியது.
மருமகன் பேர் ஞாபகம் வந்தது.

"பையை அப்படியே விட்டுடலாமே டாக்டர்,
எழுபத்தெட்டுக்கு மேல கத்தி எதுக்கு?"
டாக்டர் நோர்லைலா பேனாவை மூடினார்.
விட்டால் திரும்ப வரலாம்;
எப்போதென்று கேட்காதீர்கள்.
எடுத்தாலும் ஆபத்து உண்டு, மறைக்கமாட்டேன்.
வயதை விடுங்கள், பாச்சே,
மூச்சு வாங்காமல் எத்தனை படி ஏறுவீர்கள்?

தோட்டத்து வீட்டை உடைத்துவிட்டுக் கொடுத்த
லிஃப்ட் இல்லாத அடுக்குவீடு, நாலாம் மாடி.
தினம் இரண்டு தரம்,
அரிசி வாங்கும் நாளில் மூன்று.
சிரித்தார்.
அப்புறம் இதயத்துக்கு ஒரு சோதனை எழுதினார்.

நாலு துளை. அவ்வளவுதான்.
ராத்திரி மட்டும்
மிஸ்ஸி தள்ளிவந்த தள்ளுவண்டியைப் பார்த்து
"நிறுத்து, இறக்கு" என்று கத்தினேனாம்.
கட்டில் எண் இருபத்தேழு.
அடுக்குவீடே அந்த நம்பரை வாங்கியது.
அடிக்கவில்லை.

பாட்டிலில் போட்டுக் கொடுத்த கற்களை
சீன மருந்துக்கடைத் தராசில் வைத்தேன்.
முள் அசைவு நிற்கும்வரை காத்திருந்தேன், பழக்கம்.
ஒன்பது கிராம்.

பழைய லோரிக்காரன் சின்னக்காளை
ஆரஞ்சுப் பையோடு படியேறி வந்தான்.
எத்தனை தரம் நான் வழியில் நிறுத்திக்
குலையெல்லாம் கொட்டவைத்த ஆள்.
பாட்டிலைச் சன்னலில் பிடித்து
கிலுகிலுவென்று ஆட்டினான்.

"அண்ணே, இதை ஏத்துனது யாரு?"

தெரியல, என்றேன். ரசீது இல்ல.
நெய்ச்சோறு, என்றான் அவன்,
ஒரு பழத்தை உரித்துக்கொண்டே.