கட்டம் ஏழு: குடும்பப் பெயர்

ஆலைக்குப் புது இன்ஜினியர், ஸ்னேமன்.
பகாவ் லைனில் அதற்குள் அவர்
'சினிமா தொரை'.

பெர்மிட் பாரம் நிரப்பும்போது கேட்டேன்.
வெட்டுகிறவன் என்று அர்த்தமாம்
ஆஃப்ரிகான்ஸில். தையற்காரன்.
பால் வெட்டின மரமெல்லாம் சாய்ந்து
செம்பனையான ஊரில்
எனக்குச் சிரிப்பு.

போனில் வம்சம் காட்டினார்:
ரக்பி ஆடிய ஒருவர், நீதிபதி ஒருவர்,
பாதிரி, பண்ணைகள், இன்னும் பண்ணைகள்.
விரல் இழுக்க இழுக்க
அடியில் ஒருத்தி.
கப்பலில் வந்த அடிமை, கத்தரீனா.
"பாலியாகாட்டாவாம். எங்கேயோ."

பழவேற்காடு, என்றேன்.
அந்த ழ-வுக்கு மூன்று தடவை முயன்றார்.

ஏழாம் கட்டத்தில் ஸ்னேமன் என்று அடித்தேன்.
என் பாரங்களில் அங்கே
எப்போதும் ஒரு கோடு.
கத்தரீனாவுக்கும் கோடுதான்;
ஊர் மட்டும் கூட வந்திருக்கிறது.

சைரன் ஊதிற்று.
நகலெடுக்க எழுந்தேன்.